பாங்காக் ஆற்றங்கரைச் சந்தைகள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பாங்காக் பழைய நகரத்துச் சந்தைகளைச் சுற்ற நான் முதல் தடவை போனது ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, டாக்சியில். மூன்றுமே தப்பு. பூச்சந்தை தூங்கி வழிந்தது. சைனாடவுனில் தள்ளுவண்டிகள் பாதிக்கு மேல் வரவே இல்லை. டாக்சி ஒரு பாலத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றது, மீட்டர் மட்டும் ஓடியது. கடைசியில் ஓட்டலுக்குப் பக்கத்திலிருந்த செவன் இலெவனில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன்.

அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சுத்த சைவம், வயது அறுபத்தைந்து, முழங்கால் வலி வேறு. அந்தப் பயணம் நன்றாக அமைந்தது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்: இங்கே ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு நேரம் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆறுதான் சாலை. இது முன்னமே தெரிந்திருந்தால் ஒரு நாளும் கொஞ்சம் பணமும் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

நான் சொல்லும் இடமெல்லாம் சாவ் பிரயா ஆற்றின் இரு கரையில், நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது: பாக் க்லோங் தலாத் என்ற பூ, காய்கறிச் சந்தை, எதிர்க்கரையில் வாங் லாங், அரண்மனைக்குப் பக்கத்தில் தா தியென், கீழே இறங்கினால் யாவ்ராத் என்ற சைனாடவுன். ஒரே நாளில் முடிக்கலாம். படகுச் சந்தை என்று டூர்காரர்கள் விற்கிற டாம்நோன் சதுவாக் வேறு, அது ஊருக்கு வெளியே நூறு கிலோமீட்டர். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். நடைபாதையைச் சுத்தம் செய்ய என்று தெருக்கடைகள் ஓய்வெடுக்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது, யாவ்ராத்தில் அது நன்றாகவே தெரியும். வெள்ளி, சனி ராத்திரிகளில் கடைகள் முழுசாக இருக்கும், ஆனால் நம் தி.நகர் தீபாவளிக் கூட்டம். செவ்வாயிலிருந்து வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் வைத்துக்கொள்வது உத்தமம்.

மாதம் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி. ஏப்ரல் வெயில் நமக்குப் புதிதில்லைதான், இருந்தாலும் அந்தப் புழுக்கத்தில் அடுப்புகளுக்கு நடுவே நடப்பது கஷ்டம். மாம்பழம் நன்றாகக் கிடைப்பதும் அப்போதுதான் என்பது வேறு விஷயம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான். அவர்கள் புத்தாண்டு நம் சித்திரை ஒன்றோடு ஒட்டித்தான் வரும். தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு, பல கடைகள் மூடியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை சாயங்கால மழை.

சைவக்காரர்களுக்கு ஒரு ரகசியம்: செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், சீனப் பஞ்சாங்கப்படி, ஒன்பது நாள் சைவத் திருவிழா வரும். அந்த ஒன்பது நாளும் யாவ்ராத் முழுக்கச் சைவக் கடை என்று காட்டும் மஞ்சள் கொடி. தேதி வருஷா வருஷம் மாறும், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பேப்பர்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலை முதல் விசா இல்லாமல் 60 நாள் என்று தாய்லாந்து அறிவித்தது, நாங்கள் போனது அந்த வழியில்தான். ஆனால் இந்த விதியை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் சென்னையில் இருக்கும் தாய்லாந்து துணைத் தூதரகத்தின் தளத்தை ஒரு தடவை பாருங்கள். சொந்தக்காரர் போன வருஷம் போய் வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

விசா இல்லை என்றால் பேப்பரே இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, கையில் பணம், இந்த மூன்றையும் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். பணம் என்பது ஆளுக்கு 20,000 பாட் (தாய்லாந்துப் பணம்) மதிப்பு, குடும்பத்துக்கு 40,000 என்று கணக்கு. எங்களிடம் கேட்கவில்லை, எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞரிடம் கேட்டார்கள். அதனால் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்; போன் சார்ஜ் போனால் யாரும் பொறுப்பில்லை.

அடுத்தது முக்கியம். 2025 மே 1 முதல், விமானத்தில் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த வருகைச் சீட்டுக்குப் பதில் டி.டி.ஏ.சி. என்ற இணையப் படிவம் வந்துவிட்டது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. முடித்ததும் கியூஆர் குறியீட்டோடு மெயில் வரும்.

இது முழுக்க இலவசம். நான் இங்கேதான் ஏமாந்தேன். தேடுபொறியில் முதலில் வந்த தளத்தைத் திறந்தேன்; தாய்லாந்துக் கொடியெல்லாம் போட்டு அரசாங்கத் தளம் மாதிரியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் "விரைவுச் சேவைக் கட்டணம்" என்று கேட்டது, அவசரத்தில் இரண்டு பேருக்கும் கட்டினேன். அரசாங்கத் தளத்தின் முகவரி "கோ டாட் டி.எச்." என்று முடியும். முடிவு வேறாக இருந்தால், பணம் கேட்டால், உடனே மூடிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி: குடும்பப்பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. ஒரு சின்னக் கோடு (-) போட்டேன், ஏற்றுக்கொண்டது. அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ அங்கே நீங்களாக நுழைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுவேதான் படிவத்திலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

3. பணம்

சந்தையில் ரொக்கம்தான். கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அவர்கள் ஊர் வங்கிக் கணக்குக்கானது, என் யுபிஐ ஒரு கடையிலும் எடுபடவில்லை.

பாட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகலாம், விலை கொஞ்சம் கூட இருக்கும். நான் ஒரு நாள் செலவுக்கு மட்டும் இங்கே வாங்கினேன், மீதிக்கு டாலர் எடுத்துப் போனேன். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களில் மாற்றாதீர்கள். லிஃப்டில் அடித்தளத்துக்கு, ரயில் ஏறும் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே வரிசையாக இருக்கும் சின்னக் கடைகளில் நல்ல விலை கிடைக்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள், உள்ளே எங்கேயாவது புதைத்து வைக்க வேண்டாம். கிறுக்கிய நோட்டு, கிழிந்த நோட்டு செல்லாது. நாங்கள் போன சமயம் ஒரு பாட் கிட்டத்தட்ட இரண்டேமுக்கால் ரூபாய்.

ஏ.டி.எம். கடைசி வழி. வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் வாக்கில் பிடித்தார்கள். 500 பாட் எடுத்தாலும் அதே பிடித்தம்தான். திரையில் "ரூபாயில் மாற்றிக் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சம்மதித்தால் இன்னொரு வெட்டு.

ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் காலை ஆறு மணிக்கு இட்லிக் கடையில் ஐந்நூறு ரூபாய் நீட்டின முகபாவம்தான் கிடைக்கும். முந்தின ராத்திரியே செவன் இலெவனில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள். இருபது பாட் நோட்டு பத்து, பத்து பாட் நாணயம் கொஞ்சம், இது போதும்.

4. எங்கே தங்குவது

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். சனாம் சாய், சாம் யோத், வாட் மங்கோன், ஹுவா லம்போங், இந்த நான்கும் எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயிலின் நீல நிறத் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். இவற்றில் எதற்கு அருகில் தங்கினாலும் எல்லாச் சந்தையும் கைக்கெட்டும் தூரம். தள்ளி, சுகும்வித் பக்கம் தங்கினால் விடியற்காலைப் பூச்சந்தையை மறந்துவிட வேண்டியதுதான்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் மக்காசான் வந்து, பெட்சபுரியில் எம்.ஆர்.டி. மாறினால் நேரே இந்த நிலையங்களுக்கு வரலாம். எம்.ஆர்.டி. வாசலில் டோக்கன் வாங்க வேண்டியதில்லை, தொட்டுச் செலுத்தும் விசா, மாஸ்டர் அட்டையைக் காட்டினாலே திறக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்னமே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

5. பூச்சந்தை: விடியற்காலை ஐந்தரைக்குள்

பாக் க்லோங் தலாத் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் வியாபாரம் நடப்பது ராத்திரியிலும் விடியலுக்கு முன்னாலும்தான். விடிந்து வெயில் ஏறினால் மிச்சம் மீதிதான்.

சனாம் சாய் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. முதல் ரயில் வரும்வரை காத்திருந்தால் நேரமாகிவிடும், அதனால்தான் பக்கத்தில் தங்கச் சொன்னேன். ஈரத் தரை, வழுக்காத செருப்பு வேண்டும். கை வண்டிக்காரர் பின்னால் வந்து ஒலி கொடுத்தால் சட்டென்று ஒதுங்குங்கள், அவர் நிற்க மாட்டார்.

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பார்த்தவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் துலுக்கச் சாமந்தி புதிதில்லை. புதிது என்னவென்றால் மல்லிகையை அவர்கள் கையாளும் விதம். நாம் மொட்டை நாரில் கட்டுவோம். அவர்கள் நீள ஊசியில் மொட்டு மொட்டாகக் கோர்த்து, கையகலத்தில் வளையமாக்கி, கீழே ரோஜாக் குஞ்சலம் தொங்கவிடுகிறார்கள். அம்மா ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளப் போனாள். கடைக்காரப் பெண் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினாள், சாமிக்கு என்று. அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க நடந்தாள்.

சாப்பாட்டுக்கு இங்கே பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சந்தைத் தொழிலாளர்களுக்கான கஞ்சிக் கடைகளில் பன்றி இறைச்சி இருக்கும். பாதோங்கோ என்ற பொரித்த மாவுத் துண்டு சூடாகக் கிடைத்தால் வாங்குங்கள்.

காலை உணவுக்கு எங்கள் வழி வேறு. பத்து நிமிடம் நடந்தால் பாஹுராத், பாங்காக்கின் குட்டி இந்தியா. அங்கே தங்கக் கலசத்தோடு உயரமாக நிற்கும் சீக்கிய குருத்வாராவில் காலை வேளையில் லங்கர் உண்டு. யார் போனாலும் இலவசமாகச் சைவச் சாப்பாடு. தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. சூடான தேநீர் குடித்ததும்தான் அம்மாவுக்குப் பயணத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

6. படகு ஏறுவது

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், முதல் தடவை நான் ஏறியது தப்பான படகு.

சாவ் பிரயா எக்ஸ்பிரஸ் என்பது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு. படகின் கொடி நிறம்தான் அதன் வழித்தடம். உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி: எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் நாங்கள் கொடுத்தது 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகு, அதற்குக் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். மஞ்சள் கொடி எல்லாத் துறையிலும் நிற்காது. துறையில் மேசை போட்டு உட்கார்ந்து "இங்கே வா, இங்கே வா" என்று கூப்பிடுகிறவர்கள் விற்பது நீலக் கொடிச் சீட்டு, இல்லாவிட்டால் வால் படகு எனப்படும் நீளமான தனிப் படகு. அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஒன்றும் பேசாமல் நேராக மிதவைக்குப் போய் நில்லுங்கள். ஆரஞ்சுக் கொடியில் ஏறிய பிறகும் சீட்டு வாங்கலாம்.

துறைகளுக்கு எண் உண்டு. சாத்தோர்ன் நடுத் துறை; அங்கிருந்து வடக்கே போகப் போக எண் கூடும். ராச்சவோங் (யாவ்ராத்) 5, ராச்சினி (பூச்சந்தை) 7, தா தியென் 8, தா சாங் (அரண்மனை) 9, வாங் லாங் 10. பெயரை உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணை வைத்துச் சமாளிக்கலாம்.

படகு நிற்காது. நின்ற மாதிரி ஒரு பாவனை செய்யும், அவ்வளவுதான். பின்னால் நிற்கும் ஆள் விசிலை விதவிதமாக ஊதுவான். அதைக் கேட்டுத்தான் ஓட்டுநர் படகைத் துறையில் ஒட்டுகிறார். கயிற்றைச் சுற்றியதும் சட்டென்று கால் வைக்க வேண்டும். அம்மா முதல் படகை விட்டுவிட்டாள். "நிக்கவே மாட்டேங்கிறான்டா, பல்லவன் பஸ் மாதிரி" என்றாள். வயதானவர்களோடு போனால் முன்வரிசையில் நில்லுங்கள், ஒருவர் முதலில் ஏறிக் கை கொடுங்கள். பின்பக்கம் ஒரு மூலை பிக்குகளுக்கு என்று ஒதுக்கியிருக்கும், அங்கே நிற்க வேண்டாம்.

நடத்துநர் கையில் நீளமான தகர உருளை இருக்கும், அதன் மூடியை "டக் டக்" என்று தட்டிக்கொண்டே வருவார். சில்லறையும் சீட்டும் அதற்குள்ளேயே. அந்தச் சத்தம் பக்கத்தில் வரும்போது இருபது பாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணியோடு இந்தப் படகு ஓய்ந்துவிடும். திரும்பும் திட்டத்தைப் படகை நம்பிப் போடாதீர்கள்.

7. வாங் லாங்: பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் கிளம்புங்கள்

ஒரே ஒரு சந்தைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் வாங் லாங்கைத்தான் சொல்வேன். சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய சந்துகள். வாடிக்கையாளர்கள் செவிலியர், மருத்துவ மாணவர், நோயாளியைப் பார்க்க வந்த குடும்பம். அவர்களுக்காகச் சமைக்கிறார்கள், அதனால் விலையும் அவர்களுக்கானது. பன்னிரண்டு மணிக்குச் சீருடைக் கூட்டம் மொத்தமாக இறங்கும், அப்புறம் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். மாலை ஆனால் கடைகள் ஒவ்வொன்றாகக் கட்டிவிடும்.

துறையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படும் கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு சுற்று சும்மா நடந்து வாருங்கள். தட்டுத் தட்டாகக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றித் தரும் கடைகள் 50, 60 பாட். நூடுல்ஸ் அதே அளவு. கையில் எடுத்துத் தின்பதெல்லாம் 20லிருந்து 40. விலை எழுதி வைக்காத கடையில் முதலில் கேட்டுவிடுங்கள், கால்குலேட்டரில் அடித்துக் காட்டுவார்கள்.

சந்தின் நடுவில் ஒரு வயதான அம்மாள் கனோம் க்ரோக் சுட்டுக்கொண்டிருந்தார். கனமான இரும்புக் கல், அதில் வட்ட வட்டமாகக் குழி. மூக்குக் கெட்டிலில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். குழி குழியாக ஊற்றி, ஓரம் பிடித்ததும் கெட்டித் தேங்காய்ப்பாலை இரண்டாவது கை ஊற்றி, மேலே வெங்காயத் தாளோ சோளமோ தூவி மூடுகிறார். எங்கள் வீட்டில் பணியாரத்தைத் திருப்பிப் போடுவோம், இவர் திருப்பவில்லை. இரண்டு அரைவட்டத்தை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்தார். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். கல்லைக் காட்டி, கையால் குழி வரைந்து, "எங்க ஊர்லயும் இது இருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ, குச்சியை அம்மா கையில் கொடுத்துவிட்டார். அம்மா எடுத்த முதல் இரண்டும் உடைந்தன. ஒரு பெட்டி 30 பாட், வெளியே மொறுமொறு, உள்ளே நாக்கு வெந்துபோகும் பாயசம். ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.

திரும்பும்போது எக்ஸ்பிரஸ் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். எதிர்க்கரையில் இருக்கும் தா பிரா சான் துறைக்குக் குறுக்குப் படகு ஓயாமல் போய்வரும், ஐந்து பாட் வாக்கில்தான் ஆகும். சில்லறையை வாசல் கவுன்டரில் கொடுத்தால் போதும்.

சைவக்காரர்களுக்கு, கொஞ்சம் விவரமாக

"வெஜிடேரியன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மீன் சாறு ஊற்றித் தருவார்கள். ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் மீன் சாறு நமக்கு உப்பு மாதிரி. சிப்பிச் சாறு, காய்ந்த இறால், முட்டை, இவையும் அப்படித்தான். பப்பாளிக்காய் சாலட்டைப் பார்த்துக் காய்தானே என்று வாங்காதீர்கள். இடிக்கிற உரலில் இறால் ஏற்கெனவே இருக்கும்.

உங்களுக்கு வேண்டிய சொல் "ஜே". "கின் ஜே" என்றால் நான் ஜே உணவு சாப்பிடுகிறவர். சீன வழிச் சைவம்: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதியிருக்கும். தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண் போலத் தெரியும். 17 தொங்கும் கடையைத் தேடுங்கள். அது இல்லாத இடத்தில் "மாய் சாய் நாம் ப்லா" (மீன் சாறு போடாதே) என்று சொல்லலாம், ஆனால் அதே வாணலியில்தான் வதக்குவார்கள். அது ஒத்துவராது என்றால் பழம், பணியாரம், வாழைப்பழ வறுவல், தேங்காய் ஐஸ்கிரீம் என்று போக வேண்டியதுதான். பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் "நுவா" என்ற சொல்லையும் பன்றி தவிர்ப்பவர்கள் "மூ" என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள்.

8. வெயில் நேரம்: தா தியென், அப்புறம் தூக்கம்

தா தியென் துறைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடைகள் இருக்கின்றன. கருவாடு பிடிக்கும் என்றால் அரை மணி நேரம், பிடிக்காது என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம்.

அரண்மனைக்கும் துறைக்கும் நடுவே, நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "அரண்மனை இன்று பூஜைக்காக மூடியிருக்கிறது, டுக்டுக் ஆட்டோவில் இருபது பாட்டுக்கு வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்பார். பெரும்பாலும் மூடியிருக்காது. அந்த டுக்டுக் போய் நிற்பது ரத்தினக் கல் கடையிலோ தையற்கடையிலோதான். ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, நடையைக் கட்டுங்கள். அரண்மனையையும் பெரிய கோயில்களையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அரண்மனைக்கு மட்டும் 500 பாட், மூன்றரை மணிக்கு உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு மணி முதல் ஐந்து மணி வரை அறைக்குப் போய்த் தூங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடியலில் எழுந்தவர்களுக்கு இந்தத் தூக்கம் இல்லாவிட்டால் யாவ்ராத் வெறும் இரைச்சல்.

9. யாவ்ராத்: ஆறரை மணிக்கு மேல்

வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கி நடந்தால் விளக்குப் பலகைகளின் நடுவே வந்துவிடுவீர்கள். டாக்சி வேண்டவே வேண்டாம். ஐந்தரைக்குப் போனால் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டுவதைப் பார்க்கலாம், சாப்பிட எதுவும் தயாராகியிருக்காது.

நீள வரிசை இருக்கிறது என்பதற்காக மட்டும் நிற்காதீர்கள். சில வரிசை ருசிக்காக, சில வரிசை போட்டோவுக்காக. எண் சீட்டு தருகிற கடையா என்று முதலில் பாருங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் வேறு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரலாம். மேசை பொது, யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் சங்கடப்பட வேண்டாம்.

அசைவக்காரர்களுக்கு சிப்பி ஆம்லெட்டும் மிளகு தூக்கலான சுருள் நூடுல்ஸ் சூப்பும். சூப்பில் மிதப்பது பன்றிக் குடல் என்பதைச் சொல்லிவிட்டேன். சைவத்துக்கு இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் எள்ளுப் பூரண உருண்டை. "கொழுக்கட்டையைச் சுக்குக் கஷாயத்துல போட்டுட்டான்" என்று அம்மா சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணம் வாங்கினாள். வறுத்த கஷ்கொட்டை நல்லது. மாதுளைச் சாறு கண்ணெதிரே பிழிந்தால் மட்டும். சுறாத்துடுப்பு, பறவைக்கூடு என்று எழுதியிருக்கும் உணவகங்களில் விலைப்பட்டியல் பார்க்காமல் உட்காராதீர்கள், பில் நான்கு இலக்கத்தில் வரும்.

கழிப்பறைக்கு ரயில் நிலையத்தை நம்புங்கள். நம்மூர் மாதிரி தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்கும், அந்த ஒரு கவலை வேண்டாம்.

செலவு

ஒரு ஆளுக்கு நாங்கள் கணக்குப் பார்த்தது: படகு, குறுக்குப் படகு, ரயில் எல்லாம் சேர்த்து 120 பாட்டுக்குள். சாப்பாடு 400 முதல் 500, அதில் பாதி யாவ்ராத்தில். பூ, தண்ணீர், கழிப்பறைச் சில்லறை இன்னொரு 60. ஆக, ஓட்டல் வாடகை நீங்கலாக 700 பாட் கையில் இருந்தால் தாராளம். முதல் தடவை டாக்சிக்கும் நீலக் கொடிக்கும் மட்டுமே நான் இதைவிட அதிகம் விட்டிருந்தேன்.

10. திரும்புவது

நள்ளிரவு வரை ரயில் உண்டு, பத்தரைக்குக் கிளம்பினால் நெரிசல் இல்லாமல் போகலாம். ஒரே ஒரு சிக்கல் டூரியன் பழம். யாவ்ராத்தில் உரித்துத் தட்டில் அடுக்கி விற்பார்கள், ஆசை யாரை விட்டது. ஆனால் ரயிலுக்குள் அனுமதி இல்லை, ஓட்டல்களிலும் பெரும்பாலும் வாசலிலேயே படம் போட்டுத் தடுத்திருப்பார்கள். பை எத்தனை சுற்றினாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அம்மா வாங்கிய அரைக் கிலோவை நிலையத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் தின்று முடித்து, பாட்டில் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போனோம்.